தோட்டாக் கூட்டின் கழுத்தும் ஒரு சட்டத் திருத்தமும்

சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்த, உரிமம் பெற்ற துப்பாக்கிச் சங்கங்களின் வளாகத்துக்குள்ளாவது அனுமதி வேண்டும். விளையாட்டு வீரர்களுக்காக இதைக் கேட்கிறேன். நான் அரசியல்வாதியும் இல்லை, அதிகாரியும் இல்லை. காரைக்குடி செக்காலை ரோட்டை ஒட்டி லேத் பட்டறை வைத்திருப்பவன். டை செய்வதும், தேய்ந்த டையைச் சீர்செய்வதும் தொழில். ஊர் திரும்புவதற்கு முன் பல ஆண்டுகள் சிட்னியில் ஒரு டூல் ரூமில் வேலை பார்த்தேன். அங்கே மலபார் என்ற புறநகரின் கடற்கரையில் ஆன்சாக் ரைபிள் ரேஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே சுடப் போவது வழக்கம். தோட்டா கட்டக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

துப்பாக்கி என்றாலே நம் பக்கத்தில் ஒரு பயம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதனால் என்ன கேட்கிறேன் என்பதை முதலில் விளங்கச் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் இன்று சுடும் .22 தோட்டாவைப் பற்றி நான் பேசவில்லை. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது அந்தத் தோட்டாவில்தான். அதில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைத்திருப்பதால், ஒருமுறை சுட்டால் கதை முடிந்தது. நான் பேசுவது அடிப்பகுதியின் நடுவில் பற்றவைக்கும் பிரைமரைத் தனியாக வைத்த பெரிய ரைபிள் தோட்டாக்களைப் பற்றி. 300 மீட்டர் போட்டியில் சுடுவது இவற்றைத்தான். 1972 வரை அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் இருந்தது, உலகப் போட்டிகளில் பிறகும் நடந்துவருகிறது. நம் நாட்டில் அதைச் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தையும் துணை ராணுவத்தையும் சேர்ந்தவர்கள். சாதாரண வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வராமல் இருப்பதற்குத் தோட்டாவின் விலையும், நல்ல தோட்டா கிடைக்காததும் முக்கியமான காரணங்கள் என்பது என் கணிப்பு.

தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிச்சம் நிற்பது கூடு. நான்கில் விலை கூடிய பொருளும் அதுதான். அதைத் தூக்கிக் குப்பையில் போடுவது எந்தப் பட்டறைக்காரனுக்கும் மனம் ஒப்பாத காரியம்.

காசைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சுடும் நொடியில் உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை விரிந்து, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையான சேம்பரின் சுவரில் போய் ஒட்டுகிறது. அழுத்தம் இறங்கியதும் இம்மியளவு சுருங்கி விலகுகிறது. வெளியே எடுத்துப் பார்த்தால், அந்தக் கூடு அந்தத் துப்பாக்கியின் சேம்பருக்கே அளவெடுத்த வார்ப்பாக இருக்கும். தொழிற்சாலையில் செய்யும் தோட்டா எல்லாத் துப்பாக்கியிலும் நுழைய வேண்டும் என்பதால் கொஞ்சம் ஒல்லியாகத்தான் வரும். ஒருமுறை சுட்ட கூடோ உங்கள் துப்பாக்கிக்கென்றே அமைந்துவிடுகிறது. குண்டு குழலுக்குள் கோணாமல் நேராக நுழைய இது உதவும்.

ஆனால் குண்டைப் பிடித்திருக்கும் கூட்டின் கழுத்தும் விரிந்துபோயிருக்கும். புதிய குண்டை வைத்தால் உள்ளே விழுந்துவிடும். எனவே கழுத்தை இறுக்க வேண்டும். இறுக்குகிற கருவிக்குப் பெயர் சைசிங் டை. முழு நீள டை, கூட்டை அடி முதல் நுனி வரை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். நெக் சைசிங் டை கழுத்தை மட்டும் இறுக்கும். உடலும், அது கழுத்தாகக் குறுகும் இடமான தோளும் சேம்பரில் பதிந்த உருவத்திலேயே இருக்கும்.

நம் நாட்டுத் துப்பாக்கிகளுக்கு இந்த இரண்டாவது வகை எவ்வளவு பொருத்தம் என்பதை யாரும் பேசிக் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று தடுத்தார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் .315. ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவின் வழிவந்தது. இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இன்றும் அதற்கு ரைபிள் செய்கிறது. பழைய குடும்பங்களில் உரிமத்தோடு இருக்கும் ரைபிள்களில் இந்த வகைதான் அதிகம். இந்தத் தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு உண்டு. சேம்பருக்குள் தோட்டா எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை அந்த விளிம்பு தீர்மானிக்கிறது, தோள் தீர்மானிப்பதில்லை. ஆகவே தோள் சற்றுப் பின்னால் இருந்தாலும் தோட்டா வெடிக்கும். இப்படிப்பட்ட கூட்டை ஒவ்வொரு முறையும் முழு நீள டையில் போட்டுத் தோளைப் பின்னால் தள்ளினால், அடுத்த முறை சுடும்போது அது மறுபடி முன்னால் ஓடும். அந்த இழுவையைத் தாங்குவது அடிக்கு மேலே உள்ள பித்தளை. சில சுற்றுகளில் அங்கே ஒரு வளையம் போல மெலிந்து, கடைசியில் கூடு இரண்டாகப் பிரியும். மெல்லிய கம்பியின் முனையை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு இழுத்தால் அந்தப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். கழுத்தை மட்டும் இறுக்கினால் இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும்.

இதை நான் நேரில் பார்த்தது சிட்னியில். லித்கோ ஆலையில் செய்த பழைய .303 லீ-என்ஃபீல்டு ரைபிளோடு வரும் பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். போர்க்களச் சேற்றிலும் தோட்டா சிக்கக் கூடாது என்று அந்த ரைபிளின் சேம்பரைத் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். அந்தப் பெரியவர்கள் முழு நீள டையை எடுக்கவே மாட்டார்கள். எந்தக் கூடு எந்த ரைபிளில் சுட்டது என்று பெட்டியில் எழுதி வைத்து, கழுத்தை மட்டும் இறுக்கி, ஒரே கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். நம் .315-க்கும் அதே கணக்குத்தான்.

இனி, எந்த டையை வாங்குவது என்ற கேள்வி. இதில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. டை செய்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

மலிவாகவும் பழையதாகவும் கிடைக்கும் வகை, கழுத்தை வெளியிலிருந்து தேவைக்கு மேல் இறுக்கிவிட்டு, திரும்பி வரும்போது உள்ளே ஓர் உருண்டையை இழுத்து அளவுக்கு விரிக்கும். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பித்தளையை ஒரு தடவை அதிகமாக நெருக்கி, மறு தடவை இழுத்து விரிப்பது அநாவசிய வேலை. இழுக்கும்போது கழுத்து ஒரு பக்கம் சாய வாய்ப்புண்டு, நீளவும் செய்யும். டயல் கேஜ் வைத்து உருட்டிப் பார்த்தால் முள் ஆடுவது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, புஷ் மாற்றிப் போடும் வகை. ரெட்டிங், ஃபார்ஸ்டர், ஆர்.சி.பி.எஸ். போன்ற அமெரிக்க நிறுவனங்கள் செய்கின்றன. கழுத்தை இறுக்கும் வளையம் தனியாக இருக்கும். அதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வாங்கிக்கொள்ளலாம். பட்டறை பாஷையில் ஒரு தௌ. தேர்ந்தெடுக்கும் முறை எளிது. குண்டு பொருத்திய தோட்டா ஒன்றை எடுத்து, கழுத்தின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வெர்னியர் போதாது. .308 தோட்டாவில் அது 0.336 அங்குலம் வந்தது என்று வையுங்கள். அதிலிருந்து இரண்டு தௌ கழித்து 0.334 புஷ் வாங்கினால், பித்தளை ஒரு தௌ அளவுக்குத் திரும்ப விரிந்துகொண்டாலும் குண்டைப் பிடிக்கப் போதுமான இறுக்கம் இருக்கும். வேறு நிறுவனக் கூட்டுக்கு மாறினால் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் கழுத்தின் கனம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கழுத்துச் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தால், புஷ் வெளிப்புறத்தை வட்டமாக்கிவிட்டு அந்த ஏற்ற இறக்கத்தை உள்ளே தள்ளிவிடும். குண்டு உட்காரும் இடம் உள்ளேதான். ஆகவே புஷ் டை வாங்குகிறவர் கழுத்தைக் கடைந்து சீராக்கும் கருவியும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, காலெட் வகை. விஸ்கான்சினில் உள்ள லீ நிறுவனம் செய்வது. எனக்குப் பிடித்தது இது. கூட்டுக்குள் ஒரு மெருகிட்ட எஃகுத் தண்டு நிற்கும். லேத்தில் கம்பியைப் பிடிக்கும் காலெட்டைப் போல வெட்டுகள் விட்ட ஓர் உறை, வெளியிலிருந்து கழுத்தை அந்தத் தண்டின் மேல் அழுத்தும். கழுத்தின் உள்விட்டத்தைத் தண்டு முடிவு செய்கிறது. சுவரில் ஏற்ற இறக்கம் இருந்தால் அது வெளியே போய்விடும், உள்ளே வட்டமும் நேரும் கிடைக்கும். இழுவை கிடையாது. எண்ணெய் தடவ வேண்டியதில்லை. பித்தளையை வீணாக வேலை வாங்காததால் கூடு நாள்பட உழைக்கும். விலையும் புஷ் வகையைவிடக் குறைவு. ஒரே ஒரு சங்கடம்: டையைப் பூட்டிய பிரஸ்ஸின் நெம்புகோலில் எவ்வளவு பலம் கொடுப்பது என்பது கைக்குப் பழக வேண்டும். முதலில் மெதுவாக அழுத்தி, கூட்டைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அழுத்தினால், காலெட்டின் வெட்டு விழுந்த தடமும் மறைந்துவிடும். புது டையாக இருந்தால் பிரித்து, காலெட்டின் சரிவான முகத்தை மெல்லிய எமரியால் தேய்த்து, துளி கிரீஸ் வைத்துப் பூட்டுவது நல்லது. அந்தச் சரிவு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முரடாக இருந்தால் கைக்குத் தெரியும் பலம் கழுத்துக்குப் போய்ச் சேராது.

ராணுவப் பழக்கத்தில் செய்த சில கூடுகளில் பிரைமர் இடத்தின் நடுவில் ஒரு துளைக்குப் பதிலாக ஓரமாக இரண்டு துளைகள் இருக்கும். பெர்டான் வகை என்பார்கள். அதை இந்த டையில் போட்டால், செத்த பிரைமரைத் தள்ள டைக்குள் இருக்கும் ஊசி முறியும். வாயில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே டையில் ஏற்ற வேண்டும்.

கழுத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே காலம் தள்ளலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சில சுற்றுகளுக்குப் பிறகு கூட்டின் உடலும் பருத்து, போல்ட்டை மூடும்போது இறுகும். அந்த அறிகுறி தென்பட்டதும் முழு நீள டையை எடுத்து, தோளை ஒன்றிரண்டு தௌ மட்டும் பின்னால் தள்ளிவிட வேண்டும். இன்று துப்பாக்கியை மேசையில் தாங்க வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களில் பலர் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறார்கள், கழுத்து டையைக் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் சேம்பர் இறுக்கமாகக் குடைந்தது, டையும் அதற்கேற்பச் செய்தது. தாராளச் சேம்பர் உள்ள நம் ரைபிளுக்கு அவர்கள் கணக்குப் பொருந்தாது. தானியங்கியாகத் தோட்டாவை ஏற்றும் துப்பாக்கிக்குக் கழுத்து டை அறவே கூடாது. விலங்கைச் சுட வேண்டிய வேலைக்கும் கூடாது. காட்டுக்கு அப்பால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வயலுக்கு வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு வழி செய்தது. அந்த மாதிரி வேலைக்கு ஆலையில் செய்த புதுத் தோட்டாதான் சரி. அங்கே போல்ட் சிக்கினால் ஆபத்து மனிதனுக்கு.

பித்தளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டுப் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அழுத்தி வளைக்க வளைக்க அது இறுகி நொறுங்கும் தன்மைக்கு வரும். செட்டிநாட்டு வீடுகளில் சீராக வந்த பித்தளை அண்டாவையும் குடத்தையும் தட்டிய கன்னார்கள், இடையிடையே பாத்திரத்தை நெருப்பில் காட்டி இளக்கிக்கொண்டு மறுபடி தட்டுவார்கள். கூட்டின் கழுத்துக்கும் அதே வைத்தியம்தான். கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் சூடு காட்ட வேண்டும். அடிப்பக்கம் சூடானால் கூடு கெட்டது.

பித்தளைக்குள் தங்கும் இறுக்கம் என்ன செய்யும் என்ற பாடத்தை உலகம் கற்றுக்கொண்டதே இந்தியாவில்தான். ஆங்கிலேயப் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்ட பிறகு எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல். யாரும் தொடாமல், சுடாமல், தானாகப் பிளந்திருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், செய்யும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல் முதலிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மிதமான சூட்டில் வைத்து உள்ளிறுக்கத்தைத் தளர்த்தினால் விரிசல் வராது என்பதையும் காட்டினார்கள். உலோகவியல் பாடத்தில் இன்றும் இது வருகிறது. பித்தளையைத் துலக்க அம்மோனியா கலந்த திரவத்தைத் தோட்டாக் கூட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவை மீறித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, மேலே ஆயுள் வரை போகலாம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. என் பட்டறையில் எல்லா அச்சும் செய்கிறேன். தோட்டா டை மட்டும் செய்வதில்லை.

சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. 2021 டிசம்பரில் நார்த்தாமலை பக்கத்தில் பாதுகாப்புப் படையின் பயிற்சித் தளத்திலிருந்து தவறிப் பறந்த குண்டு, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் தலையில் பாய்ந்து, சில நாளில் அவன் உயிரைக் குடித்தது. எங்களுக்குப் பக்கத்து மாவட்டம்தான் அது. ரைபிள் குண்டு எவ்வளவு தொலைவு போகும் என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. விளையாட்டுக்காகச் சுடுகிறவன் செய்யும் வேலைக்கும் கள்ளத்துப்பாக்கிக்காரன் செய்யும் வேலைக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்கிறேன்.

‘இதை அனுமதித்தால் சமூக விரோதிகள் பயன்படுத்திக்கொள்வார்கள்’ என்று காவல் துறை நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். ஒரு தௌ இறுக்கத்துக்காக மைக்ரோமீட்டரோடு உட்காருகிறவன் கொலைகாரன் இல்லை. சங்க வளாகத்தில் பூட்டிய அறை, அங்கே ஒரு மேசை, ஒரு பிரஸ். மருந்தும் பிரைமரும் சங்கத்தின் பொறுப்பில், வெடிபொருள் விதிப்படி கட்டிய கிடங்கில் இருக்கட்டும். உறுப்பினர் தன் பெயரில் பதிவான கூடுகளை மட்டும் கொண்டுவந்து, பயிற்சியாளர் முன்னால் நிரப்ப வேண்டும். எத்தனை கூடு வந்தது, எத்தனை நிரப்பியது, எத்தனை சுட்டது, எத்தனை பழுதாகி நசுக்கியது என்று பேரேடு. சுட்ட கூட்டைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தால்தான் அடுத்த தோட்டா என்றால், சுடுகிறவனே ஒவ்வொரு கூட்டுக்கும் காவல்காரன் ஆவான். இப்போது தரையில் சிதறிக் கிடக்கும் கூடுகளுக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

எல்லோருக்கும் ஒரே தோட்டா கொடுத்தால்தான் போட்டி நியாயமாக இருக்கும் என்பது வேறொரு வாதம். அதற்கு மதிப்புண்டு. இங்கிலாந்தின் பிஸ்லியில் டார்கெட் ரைபிள் போட்டிக்குச் சங்கமே ஒரே வகைத் தோட்டாவை வழங்கும் மரபு இருக்கிறது. அது போட்டி நாளுக்குச் சரி. ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு யார் தோட்டா வழங்குவது? பயிற்சித் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ள வழி இருந்தால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் ரேஞ்சுக்கு வருவான்.

பக்கத்துப் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் போட்டியில் சுடுகிறவர். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணித் தங்கம் வென்ற மூவரில் ஒருவர், பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். அரண்மனைக் குடும்பத்தில் பிறந்தவர், உழைத்து மேலே வந்தவர், பெருமைதான். எங்கள் பக்கத்திலிருந்து அடுத்து வருகிறவர் அரண்மனையில் பிறந்திருக்கத் தேவையில்லை என்ற நிலைமை வர வேண்டும்.

தொழில் நோக்கிலும் ஒரு வார்த்தை. டை என்பது எஃகு உருளை. வெளியே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், சரியாகச் சொன்னால் எட்டில் ஏழு அங்குலம், அதில் அங்குலத்துக்குப் பதினான்கு மரை. உள்ளே துல்லியமாகக் கடைந்து, கடினமாக்கி, மெருகிட்ட துளை. கோயம்புத்தூர், ஓசூர் டூல் ரூம்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை இது. புஷ்ஷுக்குப் போடும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சும் நம் நாட்டில் வெட்டுக் கருவிகளுக்குத் தினமும் போடுவதுதான். உலோகப் பூச்சிலும் அரிமானத்திலும் ஆராய்ச்சி செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் காரைக்குடியிலேயே 1953 முதல் இயங்குகிறது. அனுமதி வந்தால் அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டிய அவசியம் இருக்காது. வேண்டியது மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த கையும் பொறுமையும்தான். இரண்டும் இங்கே இருக்கின்றன.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் வீரர்கள் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி, தோட்டா வரம்புகளை உயர்த்தவும் செய்தது. எண்ணிக்கையை உயர்த்தியவர்கள், தோட்டாவை எங்கே யார் முன்னால் நிரப்பலாம் என்பதையும் ஓர் உட்பிரிவாகச் சேர்க்கலாம். அதைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டியது தமிழ்நாடு துப்பாக்கிச் சுடுதல் சங்கமும், சென்னை, மதுரை, கோவை ரைபிள் சங்கங்களும். வரைவு எழுதும்போது டையின் அளவு, கிடங்கின் அமைப்பு, பேரேட்டின் படிவம் என்று எதற்கு உதவி தேவைப்பட்டாலும் என் பட்டறைக் கதவு திறந்திருக்கும். மனு இந்த ஆண்டே போக வேண்டும்.